கல்லாவில் சொல்வதையே செல்போனிலும் சொல்வோம்!



விளம்பரம் செய்வது நமக்குப் புதிய வேலை அல்ல. சுண்ணாம்பு அடித்த சுவரில் கடைப் பெயரை எழுதி வைத்தோம். காலை நாளிதழுக்குள் நோட்டீஸ் செருகி அனுப்பினோம். சினிமா தியேட்டரில் இடைவேளைக்கு ஸ்லைடு போட்டோம். ஆட்டோவில் மைக் கட்டி ஆடித் தள்ளுபடியை ஊரெல்லாம் அறிவித்தோம். புத்தாண்டுக்குக் காலண்டர் கொடுத்தோம். வாங்கிய சரக்கைப் போட்டுக்கொள்ள மஞ்சள் பை கொடுத்தோம். அந்தப் பை ஒரே ஒரு முறை நம் செலவில் அச்சானது. பிறகு நம் கடைப் பெயரைச் சுமந்துகொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் பல வருடம் போய்வந்தது.

அந்த வேலையை இப்போது செல்போன் செய்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, அன்றாடக் கூலிக்குப் போகிறவர் கையிலும் ஸ்மார்ட்போன் வந்துவிட்டது. வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்ற பெயர்களை அறியாத வீடு இல்லை. சிறு கடைக்காரர்களுக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018 ஜனவரியில் வந்தது. மளிகைச் சாமானைச் சில நிமிடங்களில் வீட்டு வாசலில் இறக்கும் பெரிய கம்பெனிகளும் நம் வாடிக்கையாளரைப் பிடிப்பது இதே செல்போன் வழியாகத்தான். ஆகவே இதெல்லாம் நமக்கெதற்கு என்று ஒதுங்கி நிற்க முடியாது. எப்படிச் செய்வது என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சில்லறைக் கடையின் விளம்பரம் நாட்டுக்குச் செய்வது அல்ல, தெருவுக்குச் செய்வது. நம் கடைக்கு நடந்து வரக்கூடிய முந்நூறு குடும்பங்கள் நம் சொல்லை நம்பினால் போதும். லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு நமக்குத் தேவை இல்லை.

லைக் கல்லாவில் விழாது

'பத்தாயிரம் ஃபாலோயர் வாங்கித் தருகிறோம், மாதம் இவ்வளவு கொடுங்கள்' என்று கடை கடையாக ஏறி இறங்குகிற ஏஜெண்டுகள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பணத்துக்கு வாங்கும் ஃபாலோயர் எங்கே இருக்கிறார், யார் என்று யாருக்கும் தெரியாது. வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் கடைப் படத்துக்கு விரல் காட்டிவிட்டுப் போவதால் இங்கே கால் கிலோ கடுகு கூடுதலாக விற்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடைக்காரர் மாதம் ரூ. 3,000 விளம்பரத்துக்குச் செலவிடுகிறார். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ. 3,540 ஆகிறது. மளிகையில் அவருக்கு நூற்றுக்கு எட்டு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விளம்பரச் செலவை மட்டும் எடுக்கவே அவர் ரூ. 44,250க்குக் கூடுதலாக விற்றாக வேண்டும். மாதம் ரூ. 3,000க்குச் சாமான் வாங்கும் குடும்பங்களில் ஏறக்குறைய பதினைந்து புதிதாக வந்தால்தான் கணக்கு சரியாகும். அதற்குப் பிறகு வருவதுதான் லாபம். இணக்கமுறை எனும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் விளம்பரத்துக்குப் பணம் கட்டக் கூடாது என்பது நம் உறுதியான கருத்து.

பணம் கொடுத்துத்தான் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற நிலை வந்தால், எல்லையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் கடை இருக்கும் இடத்தைக் குறித்து, அதைச் சுற்றி இத்தனை கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு மட்டும் காட்டு என்று சொல்லலாம். அதைச் செய்யாமல் மாவட்டம் முழுக்கக் காட்டினால், பணம் போகும், ஆள் வராது. கூகுள் மேப்பில் கடையின் பெயர், திறக்கும் நேரம், விடுமுறை நாள், போன் எண் ஆகியவற்றைச் சரியாகப் பதிவதற்குச் செலவே இல்லை. பலர் அதைக்கூடச் செய்யாமல் விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள்.

பெரிய கம்பெனி கடன் கேட்ட பெயர்

நம்மிடம் பெரிய கம்பெனிகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. 2021 தீபாவளிக்கு கேட்பரி நிறுவனம் நடிகர் ஷாருக்கானை வைத்து ஒரு விளம்பரம் எடுத்தது. அந்தந்த வட்டாரத்துச் சிறு கடைகளின் பெயரை அவரே சொல்லி, அங்கே போய் வாங்குங்கள் என்று கேட்பது போலக் கணினி நுட்பத்தால் அதை அமைத்திருந்தார்கள். கடைக்காரர்களும் தங்கள் கடைப் பெயரைக் கொடுத்து அதே போன்ற விளம்பரத்தை உருவாக்கிக்கொள்ள வழி செய்திருந்தார்கள். அதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சாக்லேட் விற்கும் பெரிய நிறுவனம், நாடறிந்த நடிகரை வைத்துக்கொண்டு, தெருமுனைக் கடையின் பெயரைச் சொல்லி மக்கள் மனத்தில் இடம் பிடிக்கிறது. தெருமுனைக் கடையின் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? 'அக்கா, இந்தப் பருப்பு இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் புது மூட்டை பிரிக்கிறோம், அப்ப வாங்கிக்கோங்க' என்று நாம் சொன்ன சொல்லில் இருந்து வந்தது. வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை வியாதி, எந்த வீட்டில் இட்லி அரிசி அதிகம் போகும் என்று நமக்குத் தெரியும். எந்தக் கம்பெனியின் கணினியும் இதை இவ்வளவு அக்கறையோடு அறியாது. சமூக ஊடகத்தில் நாம் செய்ய வேண்டியது, கல்லாவில் நின்று சொல்லும் அந்தச் சொல்லை அப்படியே செல்போனுக்குக் கொண்டுபோவதுதான்.

முதலில் எண்ணைப் பதிய வையுங்கள்

வாட்ஸ்அப்பில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று குழு; மற்றொன்று பிராட்காஸ்ட் என்ற அனுப்பும் பட்டியல். பல கடைக்காரர்கள் குழு ஆரம்பித்து வாடிக்கையாளர் எல்லாரையும் கேட்காமலே சேர்த்துவிடுகிறார்கள். இது தவறு. குழுவில் ஒருவர் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். நம்மை நம்பி எண் கொடுத்த பெண்களின் எண், முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்விடுகிறது. அதனால் ஒரு வீட்டுக்கு வேண்டாத அழைப்பு ஒன்று வந்தாலும், அந்தக் குடும்பம் மறுபடி நம் கடைப் படியை மிதிக்காது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், முதலில் மரியாதையை நினைப்போம்.

பிராட்காஸ்ட் முறையில் ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. நம் கடை எண்ணைத் தம் செல்போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே நம் முதல் பிரசாரம், எண்ணைப் பதிய வைப்பது. பில்லின் அடியில், துணிப் பையின் மேல், எடை மெஷினுக்குப் பக்கத்தில் கடை எண்ணை எழுதி வையுங்கள். சில்லறை கொடுக்கும்போது, 'புதுச் சரக்கு வந்தா சொல்லி அனுப்பவா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சம்மதித்தவரை மட்டும் பட்டியலில் சேருங்கள். வேண்டாம் என்றவர் பெயரை அன்றே எடுத்துவிடுங்கள்.

இப்படிக் கேட்டுச் சேர்த்த இருநூறு பேர், பணம் கொடுத்து வாங்கிய இருபதாயிரம் பேரைவிட நமக்கு மேல்.

எதைச் சொல்வது?

'குட்மார்னிங்' படமும் வாழ்த்துக் கவிதையும் தினமும் அனுப்பினால், மூன்றாம் நாளே நம் எண்ணை மௌனமாக்கிவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு செய்தி போதும். அந்த இரண்டிலும் சரக்கு இருக்க வேண்டும்.

மளிகைக் கடைக்காரருக்குச் சொல்லச் செய்தி இல்லாத மாதமே கிடையாது. பொங்கலுக்குப் பச்சரிசியும் மண்டை வெல்லமும். அறுவடை முடிந்ததும் புதுப் புளி, புது மிளகாய். ஆடியில் அம்மன் கோயில் கூழுக்குக் கேழ்வரகும் கம்பும். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை. கார்த்திகை தீபத்துக்கு விளக்கெண்ணெயும் பொரி உருண்டைக்குப் பாகு வெல்லமும். ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சிச் சாமான். கிறிஸ்துமஸுக்குக் கேக் சாமான். மாதக் கடைசி இரண்டு நாளிலும் சம்பளம் வந்த முதல் மூன்று நாளிலும் வீடுகளில் சாமான் பட்டியல் எழுதுவார்கள். நம் விலைப்பட்டியல் அந்த நாளில் போய்ச் சேர வேண்டும்; பத்தாம் தேதி அனுப்பிப் பயனில்லை.

சரக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததைச் சொன்னால் அதைக் கேட்க ஆள் இருக்கிறது. குண்டூர் நீட்டு மிளகாய்க்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் என்ன வித்தியாசம், சாம்பாருக்கு எது, தாளிக்க எது என்று கடைக்காரர் முப்பது விநாடி பேசினால், அது நல்ல வீடியோ. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். ஈரோடு மஞ்சளுக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019இலும், கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இலும் அந்தக் குறியீடு கிடைத்தது. பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் தண்ணீர் எவ்வளவு வைப்பது, புளியை வண்டு விழாமல் எப்படி வைப்பது என்பதெல்லாம் நமக்குச் சாதாரண விஷயம். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர்கள் கேட்டு வைத்துக்கொள்வார்கள்; நம்மிடமே வாங்குவார்கள்.

இதற்கு நடிகர் படமும் சினிமாப் பாட்டும் வேண்டாம். அனுமதி இல்லாமல் சினிமாப் பாட்டைக் கடை விளம்பரத்தில் சேர்த்தால் பதிப்புரிமைச் சிக்கல் வரும். நல்ல வெளிச்சத்தில், பிரித்த மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, வீட்டில் பேசும் தமிழில் பேசினால் போதும். விலையை மறைக்காமல் எழுதுங்கள். 'விலைக்கு நேரில் வரவும்' என்று போடும் விளம்பரத்தை மக்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

பதில் சொல்ல ஆள் வேண்டும்

செய்தி அனுப்பிவிட்டுச் செல்போனைக் கல்லாப் பெட்டிக்குள் போட்டுவிட்டால், அனுப்பாமலே இருந்திருக்கலாம். 'உளுந்து இருக்கா அண்ணாச்சி?' என்று ஒரு அம்மா குரல் பதிவு அனுப்பி, சாயங்காலம் வரை பதில் வராவிட்டால், அதற்குள் வேறு எவரோ அந்த உளுந்தைக் கொண்டுபோய் இறக்கியிருப்பார்கள். பதில் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். மகனோ மகளோ மருமகளோ கடைப் பையனோ யாராயினும் சரி. ஆர்டர் கிடைத்தது, இவ்வளவு ஆகிறது, இந்த நேரத்துக்கு வரும் என்று மூன்று வரி எழுதினால் போதும். கேட்ட பிராண்டு இல்லை என்றால், கேட்காமல் வேறொன்றை வைத்து அனுப்பக் கூடாது.

கூகுளிலோ பேஸ்புக்கிலோ ஒருவர் குறை எழுதினால் சண்டைக்குப் போக வேண்டாம். அங்கேயே, எல்லார் கண்ணிலும் படும்படி, 'மாற்றிக் கொடுக்கிறோம், வாருங்கள்' என்று எழுதி, மாற்றியும் கொடுங்கள். அதைப் படிக்கும் மற்றவர்களுக்கு அதுவே விளம்பரம். பாக்கி கேட்கும் செய்தியை மட்டும் எந்தக் காலத்திலும் பொதுவில் போடாதீர்கள். பற்று நோட்டில் இருப்பது நமக்கும் அவருக்கும் இடையில் உள்ளது.

தூண்டில் விலை வேண்டாம்

ஒரு கிலோ சர்க்கரையை அடக்க விலைக்குக் கீழே போட்டு ஊரெல்லாம் செய்தி அனுப்பி, வந்தவரிடம் 'காலையிலேயே தீர்ந்துபோச்சு' என்று சொல்லும் வழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். பத்து ரூபாய் மிச்சம் என்று வெயிலில் நடந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால், அவர் அதை நாலு பேரிடம் சொல்வார். பக்கத்துக் கடைக்காரரும் பதிலுக்கு விலையை இறக்குவார். நஷ்டம் இருவருக்கும், கொண்டாட்டம் வெளியில் இருந்து வந்த கம்பெனிக்கு.

சட்டமும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 ஜூனில் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சொன்ன விலைக்குக் கொடுக்கப் போதிய சரக்கு இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். தவறான விளம்பரம் செய்யும் உற்பத்தியாளருக்கு முதல் முறை ரூ. 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். சொந்தப் பெயரில் மசாலாப் பொடியும் சத்துமாவும் தயாரிக்கும் கடைக்காரர்களும் உற்பத்தியாளர்களே என்பதை மறக்கக் கூடாது. அந்தப் பொடியைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும் என்று எழுதுவது, 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் விளம்பரத் தடைச் சட்டத்தில் போய் முட்டும். வாட்ஸ்அப்பில்தானே போட்டோம் என்ற சமாதானம் செல்லாது.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

மொத்த வியாபாரிகள் காலை ரேட்டைச் சில்லறைக் கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது நல்ல பழக்கம். ஆனால் அதே ரேட் பட்டியலைப் பேஸ்புக்கிலும் பொதுக் குழுக்களிலும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டை விலையைப் பார்த்துவிட்டு, 'உங்க கடையில மட்டும் ஏன் கிலோவுக்கு இவ்வளவு கூட?' என்று வாடிக்கையாளர் கேட்டால், ஏற்றுகூலி, இறக்குகூலி, கழிவு, வாடகை, கரண்ட் என்று கடைக்காரர் யாரிடம் போய் விளக்குவார்? மொத்த ரேட் மொத்தத்தில் வாங்குகிறவருக்கு மட்டும் போகட்டும். மாறாக, சரக்கின் நல்ல படம், எந்த ஊர் விளைச்சல், எப்போது வந்தது என்ற விவரத்தைச் சில்லறைக் கடைக்காரருக்குக் கொடுங்கள். அவர் அதைத் தம் தெருவில் சொல்லி விற்பார். அவர் விற்றால் மறுபடி உங்களிடம்தான் வருவார்.

இது வாடகை இடம்

பேஸ்புக் பக்கமும் இன்ஸ்டாகிராம் கணக்கும் நம் பெயரில் இருந்தாலும், இடம் நம்முடையது அல்ல. வாடகைக் கடைக்காரருக்கு இது எளிதில் புரியும். 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது, டிக்டாக்கில் வருடக் கணக்கில் ஆள் சேர்த்தவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4ஆம் தேதி பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. ஆகவே வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் ஒரு நோட்டில் எழுதி நம் கையில் இருக்க வேண்டும். கடை போர்டும் பையும் பில்லும் முன்போலவே நம் பெயரைச் சொல்ல வேண்டும்.

சாவியும் நம்மிடம் இருக்க வேண்டும். ஏஜெண்டு தம் எண்ணில், தம் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து கொடுத்தால், பிரிந்து போகும் நாளில் நம் கடைப் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுவார். கணக்கை நம் எண்ணில் திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு வசதியைப் போட்டு வைக்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. நம் கணக்கைத் திருடியவன் நம் பெயரில் வாடிக்கையாளரிடம் பணம் கேட்பான். போவது நம் நாணயம். மோசடியில் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

சேர்ந்து செய்வோம்

ஒவ்வொரு கடையும் தனித்தனியாக ஆள் வைத்துப் படம் எடுத்துச் செலவு செய்யத் தேவையில்லை. ஒரு கடைத்தெருவில் உள்ள மளிகை, பாத்திரம், ஜவுளி, பூக்கடை எல்லாம் சேர்ந்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கடைத்தெருவின் பெயரிலேயே விளம்பரம் செய்யலாம். 'நம் தெருவில் எல்லாம் கிடைக்கும்' என்று பத்துக் கடை சேர்ந்து சொன்னால், அதற்கு இருக்கும் பலமே தனி. கிளைச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டும். செல்போன் பழகாத மூத்த உறுப்பினர்களுக்கு, பழகிய இளைய உறுப்பினர்கள் ஒரு மாலை ஒதுக்கிச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மாதம் முயன்று பார்ப்போம். நூறு வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்டு எண் சேருங்கள். வாரத்துக்கு இரண்டு செய்தி அனுப்புங்கள். செய்தியைப் பார்த்து வந்தவர் எத்தனை பேர், எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதி வாருங்கள். மாதம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். விளம்பரம் பலித்ததா இல்லையா என்று எந்த ஏஜெண்டும் சொல்ல வேண்டியதில்லை. நம் கணக்கே சொல்லிவிடும்.

சரக்கு சுத்தம், எடை சுத்தம், சொல் சுத்தம் என்று பெயர் வாங்கிய கடைக்குத்தான் எந்தக் காலத்து விளம்பரமும் பலிக்கும். அந்தப் பெயரைச் செல்போனிலும் காப்போம். நம் தெருவை நாமே வைத்துக்கொள்வோம்!